ஆம்புலன்ஸ் முதலில் போன வீடு

— அப்ப நான் எந்த போன்ல பொழச்சேன், மாப்ளே? அதை மட்டும் சொல்லு.

— மாமா, டாக்டர் உங்களைப் பேச விடக் கூடாதுன்னு சொல்லியிருக்கார்.

— அடைப்பு நெஞ்சுலதான், நாக்குல இல்ல. உங்கக்கா எந்த போன்ல ஆம்புலன்ஸைக் கூப்பிட்டா?

— நானே சொல்றேங்க. நீங்க சோபாவுல சாஞ்சதும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. ஹால்ல இருந்த இன்டர்நெட் போனைத்தான் எடுத்தேன். தம்பி மாட்டிக் கொடுத்தானே, அது.

— செல்போனை எடுத்திருக்கலாமே?

— என்னோடதைத் தையல் கடையிலயே விட்டுட்டு வந்துட்டேன். உங்களோடது எப்பவும்போல சார்ஜ் இல்லாம செத்துக் கிடந்துச்சு.

— லேண்ட்லைனாவது இருந்திருக்கலாம். அது பாட்டுக்கு மூலையில கிடந்துச்சு.

— அது பழைய வீட்டு மூலை, மாமா. சிம்பிள். லேண்ட்லைன் செவுத்தோட ஒட்டுனது. நீங்க வீடு மாறினா அது கூட வராது. இந்தப் பொட்டி ஆளோட வரும். பையில போட்டுக்கிட்டு எங்க போய் மாட்டினாலும் அதே நம்பர்.

— அப்படிச் சொல்லித்தான் என் தலையில கட்டின.

— ரெண்டு தூறல் போட்டா லேண்ட்லைன் கரகரன்னு இரையும், லைன்மேன் வர்றதுக்குள்ள அடுத்த மழையே வந்துடும். இதுல அடுத்த ரூம்ல பேசுற மாதிரி கேக்கும்.

— சரி, கேட்டுச்சு. இவ என்ன பேசினா?

— 'வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி, பேச்சு மூச்சு இல்ல, ஓடி வாங்க'ன்னேன். அந்தப் பக்கம் ஒரு பொண்ணு, 'எந்த வீடும்மா'ன்னு கேட்டுச்சு. நான் வாயைத் தொறக்குறேன், கரண்ட் போயிடுச்சு.

— கரண்ட் போனா ஃபேன் நிக்கும். போனுக்கு என்ன வந்துச்சு?

— அங்கதான் மாமா விஷயமே. லேண்ட்லைனுக்குக் கரண்ட் அந்தக் கம்பி வழியாவே டெலிபோன் ஆபீஸ்லேர்ந்து வந்துடும். ஊரே இருட்டாக் கிடந்தாலும் பேசலாம். இதுக்கு நம்ம வீட்டுக் கரண்ட்தான். மோடம் அணைஞ்சா போனும் போச்சு.

— டை கட்டிக்கிட்டு இன்னொரு கம்பெனிக்காரன் வந்தானே, அவன் போனும் இப்படித்தானா?

— அவன் பொட்டிக்குள்ள பேட்டரி வச்சிருக்கான், கொஞ்ச நேரம் தாங்கும். ஆனா அதைத் தூக்கிட்டுப் போக முடியாது. அவன் கேபிள் இழுத்திருக்கிற வீட்டுல மட்டும்தான் பேசும்.

— அப்ப அது லேண்ட்லைன்.

— இல்ல மாமா, அதுவும் இன்டர்நெட்தான்.

— வீட்டை விட்டு நகராதுங்கற. கரண்ட் போனாலும் பேசும்ங்கற. ஆனா லேண்ட்லைன் இல்லைங்கற. ஸ்டியரிங் இருக்கு, பிரேக் இருக்கு, நாலு சக்கரமும் இருக்கு, ஆனா கார் இல்லைன்னு சொல்ற மாதிரி இருக்கு. எத்தனை பேருக்கு வண்டி ஓட்டக் கத்துக் கொடுத்திருக்கேன், ஒருத்தனை இப்படிக் குழப்பியிருப்பேனா?

— விடுங்களேன். பொழச்சு வந்தீங்களே, அது போதாதா?

— போதாது. அட்ரஸ் சொல்றதுக்கு முன்னாடியே லைன் கட்டாயிடுச்சு. அப்புறம் வண்டி எப்படி வந்துச்சு?

— நாம பேசுற நம்பரோட அட்ரஸ் அவங்க ஸ்கிரீன்ல வந்துடும் மாமா. லேண்ட்லைன்னா கம்பி எந்த வீட்டுல முடியுதோ அதுதான் அட்ரஸ். இதுல அப்படி இல்ல. வாங்கும்போது நாம என்ன அட்ரஸ் கொடுத்தோமோ, அதை நம்பும்.

— நாம என்ன கொடுத்தோம்? ஏன் அக்காவும் தம்பியும் மூஞ்சியை மூஞ்சியைப் பார்த்துக்கறீங்க?

— பழைய வீட்டு அட்ரஸ்ங்க. அங்க இருந்தப்பதானே வாங்கினோம். ஆம்புலன்ஸ் முதல்ல அங்கதான் போச்சு.

— அவன் வீட்டுக்கா?

— நம்ம பையன் வீட்டுக்குத்தான்.

— 'இனிமே நீங்க வண்டி ஓட்டக் கூடாது'ன்னு, கத்துக்க வந்தவங்க முன்னாடி என் கையிலேர்ந்து சாவியைப் பிடுங்கினவன் வீட்டுக்கா?

— நீங்க சிக்னல்ல நிக்காம போய் ஒரு சைக்கிள்காரரைத் தட்டினீங்க. அதை மட்டும் சொல்ல மாட்டீங்க.

— தட்டல. உரசினேன்.

— என்னத்தச் சொல்ல. அந்த உரசலுக்கு வீட்டையே விட்டு வந்தாச்சு. ரெண்டு வருஷமா அவன் முகத்துல முழிக்கல.

— சரி, அங்க போன வண்டி நம்ம வீட்டுக்கு எப்படி வந்துச்சு? புது வீடு அவனுக்குத் தெரியாதே.

— நான்தான் எப்பவோ சொல்லி வச்சிருந்தேன். பெத்தவ நான், சொல்லாம இருப்பேனா?

— எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல நீ.

— இருங்க மாமா, முழுசாக் கேளுங்க. அவன் கதவைத் தொறந்தா ரெண்டு பேர் ஸ்ட்ரெச்சரோட நிக்கிறாங்களாம். 'நெஞ்சு வலி யாருக்கு'ன்னு கேட்டிருக்காங்க. இங்க யாருக்கும் இல்லைன்னு கதவைச் சாத்தப் போனவன், எந்த நம்பர்லேர்ந்து போன் வந்துச்சுன்னு கேட்டிருக்கான். நம்பரைக் கேட்டதும் செருப்புகூடப் போடல, வண்டியில முன்னாடி ஏறி உக்காந்துட்டான்.

— வண்டி பாலத்து மேல நெரிசல்ல மாட்டிக்கிச்சுங்க. நம்ம பையன் எறங்கி முன்னால ஓடி, ஒவ்வொரு வண்டியாக் கெஞ்சி ஒதுக்கி விட்டிருக்கான். கால் பூரா கொப்புளம். நர்ஸ் இப்பதான் மருந்து போட்டுட்டுப் போச்சு.

— நான் பார்க்கவே இல்லையே.

— கண்ணு சொருகிக் கிடந்தவர் எங்க பார்க்கறது?

— இப்ப எங்க இருக்கான்?

— வெளியில பெஞ்சுல. கூப்பிட்டேன், வர மாட்டேங்கறான். தன்னைப் பார்த்தா உங்களுக்குப் பிரஷர் ஏறிடுமாம்.

— மாப்ளே, எனக்கு ஒண்ணும் பிடிபடல. தப்பான அட்ரஸ் இருந்ததாலயா நான் பொழச்சேன்?

— ஐயோ மாமா, அதனால நேரம்தான் போச்சு. சரியான அட்ரஸ் இருந்திருந்தா வண்டி நேரா வந்திருக்கும். எனக்குப் பிடிபடாதது வேற. அட்ரஸை மாத்துங்க, மாத்துங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். போன மாசம் நானே என் செல்போன்ல அந்த போன் கம்பெனியோட பக்கத்தைத் தொறந்து உங்க கையில கொடுத்தேன். பேர்ல ஒரு எழுத்து தப்பா இருந்ததைக்கூடக் கண்டுபிடிச்சுத் திருத்தினீங்க. அட்ரஸ் வந்ததும் கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டு, அப்புறம் பார்த்துக்கலாம்னீங்க.

— மறந்துட்டேன்.

— கரண்ட்டுக்கு மாத்தினீங்க, கேஸுக்கு மாத்தினீங்க, பேங்க்ல மாத்தினீங்க. இதை மட்டும் மறந்துட்டீங்களா?

— ஏய் தம்பி, போதும்டா. என்னங்க, என்ன பண்ணுது? நர்ஸைக் கூப்பிடவா?

— ஒண்ணும் பண்ணல. கண்ணை மட்டும் தொடச்சு விடு. கையில ஊசி இருக்கு.

— அவனும் இதையேதாங்க கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கான். 'அப்பா ஏம்மா இன்னும் தப்பான அட்ரஸையே வச்சிருந்தார்'னு. நான் போய் என்ன சொல்லட்டும்?

— அது தப்பான அட்ரஸ் இல்லைன்னு சொல்லு.