பாதி பஞ்சு, பாதி பாலிஸ்டர்

...அதத்தானுங்கண்ணா போன்லயும் சொன்னேன், கோளாறு மெஷின்லதான். வேற எங்கயும் இல்ல. வெளிய எரநூறு டிகிரின்னு செவப்பு எழுத்துல காட்டுது. உள்ள தகட்டுல அத்தனை சூடு இருக்கோணுமில்லீங்க. இருந்தா பனியன்ல போட்ட படம் ஏனுங்க போகுது? நீங்க அந்த நாலு ஸ்க்ரூவக் கழட்டிப் பாருங்க, நான் பாட்டுக்கு ஓரமா நின்னுக்கறேன். ஆங், கட்டல் மேல கெடக்கற பனியனையெல்லாம் அக்கட்ட தள்ளிப்போட்டு உக்காருங்க. ஊடு பூராவும் இப்படித்தான் கெடக்குது. படுக்கற ரூம்புல ஹீட் பிரஸ்ஸு, சமையக்கட்டுல பிரிண்டரு. எங்கூட்டுக்காரரு லீவுல வந்தா காலு நீட்ட எடமில்லீங்க. ரிக் வண்டில இருக்கறாரு, ஆந்திராப் பக்கம். "உனக்கு எதுக்கு மஞ்சுளா இந்த வம்பு"ன்னு ஒருக்கா கேப்பாரு, பொறவு நாலு நாளும் போர்வெல் பேச்சுத்தான். பூமிக்குள்ள ஆயரம் அடில தண்ணி எங்க இருக்குதுன்னு அவருக்குத் தெரியும். ஊட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரியாது.

மெஷினு ரிப்பேரு பாக்க சேலத்துல இருந்து எடப்பாடிக்கு இத்தனை வெயில்ல வரச்சொல்லிப்போட்டேன்னு கோவிச்சுக்காதீங்க. இந்தத் தொழிலுக்குள்ள என்னைய எறக்கி உட்டது போன்ல வீடியோப் போடறானே, அவனுங்க. ஊட்டுல இருந்தே தொழிலாமா. பேப்பர்ல படத்த அடிச்சு, பனியன் மேல கவுத்து, மெஷின அமுத்துனா ஒரு நிமிசத்துல முடிஞ்சுதாமா. அவனும் அமுத்துனான், எடுத்தான், பல்லக் காட்டிச் சிரிச்சான். அதத் தொவைச்சுக் காட்டுனானா? ஒருத்தனும் தொவைச்சுக் காட்டறதில்லீங்க. புதுசு போட்ட பனியனத் தூக்கிப் புடிச்சு எல்லாரும் சிரிக்கறானுங்க.

அந்தக் கூறுகெட்டவன் இன்னொண்ணும் சரியாச் சொல்லல. பேப்பர்ல படத்தத் திருப்பிப்போட்டு அடிக்கோணும், அப்பத்தான் பனியன்ல நேரா வுழும். எனக்கெப்படித் தெரியும்? எங்க வீதி மாரியம்மன் நோம்பிக்கு மொத ஆர்டரு. இருவது பனியன்லயும் எழுத்தெல்லாம் தலகீழாப் போச்சு. தலகீழு இல்லீங்க, இடம் வலம் மாறிப்போச்சு. அதுல ஒரு பெரியவரு கண்ணாடியத் தொடைச்சுப் போட்டுக்கிட்டு, "ஏம்மா, இது தெலுங்கா"ன்னு கேட்டாரு. கண்ணாடி முன்னால நின்னு பாருங்க, சரியாத் தெரியும்னு சொல்லி அனுப்பிச்சேன். போய் நின்னும் பாத்திருக்காங்க. இந்த ஊருல சனம் அப்படி.

என்னுங்க, எரநூறுதான் காட்டுதுங்களா? நடுவுல காட்டும், ஓரத்துல வெச்சுப் பாருங்க. ஓரத்துலயுமா? செரி, அந்தச் சூடு பாக்கற கருவிய எத்தனை வருசமா வெச்சிருக்கறீங்க? நான் குத்தம் சொல்லலீங்க, கேக்கறேன். அப்ப அமுத்தம் பத்தாது. மேல் தகடு நல்லா ஒக்கார மாட்டீங்குது, நானும் இந்தத் திருகைத் திருகித் திருகி கை நோவெடுத்துக் கெடக்கறேன். அதும் சரியா இருக்குதா. எல்லாமே சரின்னா படம் காத்துலயா போகுது?

என்ன படம்னா, ஒரு பையன் மொகமுங்க. காட்டுவளவுல இளவழகன்னு ஒருத்தன், இருவத்தினாலு வயசு. கபடில நல்லா ரைடு போவானாமா. போன வருசம் ஆடி மாசம் பைக்குல வந்தவன் லாரில அடிபட்டுச் செத்துப்போனான். அம்மாவும் மகனும் மட்டும் இருந்த ஊடு. வருசம் திரும்பறப்ப அவன் பேர்ல மேட்ச் வெக்கறோம்னு டீம் கேப்டன் மதியழகன் எங்கிட்ட வந்தான். முப்பது பனியனு, நெஞ்சுல இளவழகன் மொகம், முதுகுல நெம்பரு. ஒரு போட்டோ அனுப்பிச்சான் பாருங்க, கல்யாணப் பந்தில எடுத்தது. வாயில பாதி அப்பளம். செத்துப்போனவனுக்கு வேற போட்டோ இல்லியாடான்னா, இதுலதான் அக்கா அவன் சிரிக்கறான்ங்கறான். அந்த அப்பளத்த அழிச்சு ஒதட்ட ஒழுங்குபண்ண எனக்கு ஒரு பகல் போச்சு. அதோட உட்டானா? "அக்கா, முழு பாலிஸ்டர் வேண்டாம், வேர்த்தா ஒடம்புல ஒட்டிக்கும், பஞ்சு மாதிரி மெத்துனு இருக்கோணும்"னு சட்டம் வேற. மண்ணுல உழுந்து பொரளறவனுக்கு மெத்துனு ஓணுமாமா.

போட்டுக் குடுத்தனுங்க. மேட்ச் அன்னிக்கு முப்பது பனியனும் கெரவுண்டுல நின்னப்ப நீங்க பாத்திருக்கோணும். முப்பது எடத்துல அந்தப் பையன் சிரிக்கறான். மைக்குல எம்பேரச் சொன்னாங்க. அவங்கம்மா செல்லியம்மாளக் கூப்புட்டு ஒரு பனியனக் கையில குடுத்தாங்க. அந்தம்மா அத விரிச்சு, மொகத்து மேல வெரல வெச்சுத் தடவிப் பாத்துச்சு.

பொறவு அந்தம்மா என்ன பண்ணுச்சு தெரியுங்களா? பெட்டில வெச்சுப் பத்திரம் பண்ணாம, சேலை மேல போட்டுக்கிட்டுக் குச்சிக்கெழங்குக் காட்டுக்குக் களைவெட்டப் போயிருக்குது. ஆம்பளச் சட்டைய மேல மாட்டிக்கிட்டுப் பொம்பளைங்க காட்டுல நிக்கறாங்கல்ல, அப்படி. கேட்டா, "எப்பவும் அவன் சட்டையத்தான் போட்டுக்கிட்டுப் போவேன், இப்ப அவனே கூட வாரான்"னு சொல்லுச்சாமா. தெனம் வேர்வையும் செம்மண்ணும். பொழுதோட வந்து சவக்காரத்தப் போட்டுக் கல்லுல நாலு அடி. பத்து நாளு இப்படிப் போட்டா என்னத்துக்குங்க ஆகும்?

போன வெள்ளிக்கெழம பேப்பர்ல சுத்தி எடுத்துக்கிட்டு நடந்தே வந்துச்சு. வாசப்படியத் தாண்டல. "சாமி, எம்பையன் மொகம் மங்கிப்போச்சு. கண்ணு எங்க இருக்குதுன்னே தெரிய மாட்டீங்குது. சித்த எச்சா மை போட்டுக் குடுப்பயா"ன்னுச்சு. எனக்கு அன்னிக்கு வேற ஆர்டரு மேல ஆர்டரு. "ஏனுங்கம்மா, போட்டோவப் போயி யாராச்சும் கல்லுல அடிச்சுத் தொவைப்பாங்களா? ஒரு கூறு வேண்டாமா?"ன்னு நல்லாக் கேட்டுப்போட்டேன். அந்தம்மா பனியனப் பாத்துக்கிட்டு, "அப்ப நாந்தாஞ் சாமி அழிச்சுப்போட்டனா"ன்னுச்சு. ஆமாம்னேன். மறுபடியும் பேப்பர்ல சுத்தி எடுத்துக்கிட்டுப் போயிருச்சு.

அதென்னங்க, அந்தப் பனியன எதுக்குக் கத்திரிக்கறீங்க? படம் போடாம மிச்சமிருந்த ஒண்ணுதான், சரி, கத்திரிங்க. அவன் மொகம் போட்ட பேப்பரு ரெண்டு இருக்குது, இந்தாங்க. இந்த வெள்ளத் துணி ஆருது, நீங்க கொண்டாந்ததுங்களா? முழு பாலிஸ்டரா? வெச்சு அமுத்துங்க, எனக்கென்ன. ரெண்டுலயும் ஒரே மாதிரி பளிச்சுனுதான் வரும், பாருங்க... நாந்தான் சொன்னேனே. தண்ணியா? அந்த வாளில இருக்குது. சவக்காரம் சன்னல் மேல. அடிச்சுத் தேய்க்காதீங்க, மெதுவா... மெதுவாத்தான் தேய்க்கறீங்க.

வெள்ளத் துணி அப்படியே இருக்குது. பனியன் துண்டு வெளுத்திருச்சு. ஒரே மெஷினு, ஒரே பேப்பரு, ஒரே சூடு, நீங்க கல்லுலயும் அடிக்கல. நீங்க வாயத் தொறந்து சொல்லவே வேண்டாமுங்க, எனக்கும் கண்ணு இருக்குது.

அப்ப கடைக்காரி ஏமாத்திப்போட்டா. சேலம் செவ்வாய்ப்பேட்டைல நான் துணி எடுக்கற கடைல ஷாலினின்னு ஒரு புள்ள. நெகத்த நீட்டமா வளத்துக்கிட்டு, துணியத் தொட்டுக்கூடக் காட்டாது. எதக் கேட்டாலும் போனப் பாத்துக்கிட்டே பதில் சொல்லும். அவ என்ன சொல்லிக் குடுத்தாளுங்கறீங்களா? ஏனுங்க, போலீஸ் ஸ்டேசன்ல கேக்கற மாதிரி கேக்கறீங்க.

சொன்னாளுங்க. போனப் பாத்துக்கிட்டேதான் சொன்னா. "அக்கா, இது பாதி பஞ்சு, பாதி பாலிஸ்டர். இந்தச் சாயம் பாலிஸ்டர்லதான் புடிக்கும். பஞ்சு மேல ஒக்காந்திருக்கறது தண்ணில போயிரும். உங்க பிரிண்டுக்கு இத எடுக்காதீங்க"ன்னா. எனக்குத் தெரியும், நீ கட்டிக் குடுன்னு சொல்லிப்போட்டேன்.

தெரியவும் தெரியுமுங்க. எதுக்கு மறைக்கறது. மேட்சுக்கு நாலு நாளு இருந்துச்சு. எச்சா எடுத்த ரெண்டு பனியன்ல ஒண்ண மொதல்ல அமுத்தி, இதே வாளில நானே அலசிப் பாத்தேன். பாதி மொகம் தண்ணியோட போச்சு. முழு பாலிஸ்டர்லதான் ஆகும், மெத்துனு வராதுடா தம்பின்னு அந்த மதியழகங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மெத்துனும் இருக்கும், படமும் நிக்கும், ரெண்டுமே செஞ்சு தாரேன், என்னாட்டம் இந்த லைன்லயே ஆரும் செய்ய முடியாதுன்னு மொத நாளே சொல்லிப்போட்டேன், பொறவு வாய் வரல. ஒரு நாள் மேட்சுதான, அன்னிக்கு நல்லா இருந்தாப் போதும்னு வாளியக் கவுத்துப்போட்டு ஆர்டரு முப்பதையும் அமுத்துனேன். ஒருத்தி அத மாட்டிக்கிட்டுத் தெனம் காட்டுக்குப் போவான்னு எனக்குத் தோணலீங்க.

நேத்து மதியழகன் போன் பண்ணுனான். பனியனுக்குச் சண்டைக்கு வாரான்னு நானும் நாலு வார்த்தை தயாரா வெச்சிருந்தேன். அவன் அதப் பத்தி எடுக்கவே இல்ல. செல்லியம்மாளு இப்ப மகன் சட்டை ஒண்ணையும் தண்ணில நனைக்கறதில்லையாமா. வேலைக்கும் போறதில்லையாமா. ஊட்டுல மாட்டியிருக்கற போட்டோ மேல தூசி படிஞ்சு கெடக்குது, பசங்க தொடைக்கப் போனாலும் உடறதில்ல. "எங்கை பட்டா அழிஞ்சு போகுது, அதாச்சும் இருக்கட்டும்"ங்குதாமா. "அக்கா, நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னாக் கேக்கும், பனியன் போட்டவங்க நீங்கதான"ன்னான். நான் போன வெள்ளிக்கெழம என்ன சொன்னேன்னு அவனுக்குத் தெரியாது. அந்தம்மா அதச் சொல்லல.

உடனே உங்களுக்குத்தானுங்க போன் போட்டேன். மெஷினு கோளாறுன்னு நீங்க ஒரு சீட்டுல எழுதிக் குடுத்தா, அதக் கொண்டுபோயி "உங்க மேலயும் இல்ல, எம்மேலயும் இல்லீங்கம்மா, இந்த எழவெடுத்த மெஷினு"ன்னு சொல்லிப்போட்டு வந்திரலாம்னு. எழுத மாட்டீங்க. எப்படி எழுதுவீங்க, நல்லா இருக்கற மெஷின.

பையெல்லாம் கட்டியாச்சா. அந்த வெள்ளத் துணிய உட்டுட்டுப் போங்கண்ணா. ஓரம் மடிச்சுத் தெச்சு, சட்டம் போட்டுக் குடுக்கறேன். மீசைக்கிட்ட இருக்கற மச்சம்கூடத் தெரியுது பாருங்க. ஆனா இத மட்டும் குடுத்துப்போட்டு வந்தா ஆகாதுங்க. இதையும் தண்ணி படாம எங்கயாச்சும் மூடி வெச்சிரும். "நீங்க தொவைச்சதுல ஒரு தப்பும் இல்ல, போயிரும்னு தெரிஞ்சே நாந்தான் போட்டுக் குடுத்தேன்"னு அந்த வாசப்படில நின்னு சொல்லோணும்.

நீங்க சேலம் ரோட்டுலதான போறீங்க. காட்டுவளவுப் பிரிவுல என்னைய எறக்கி உட்டுருங்க. கதவப் பூட்டிப்போட்டு வாரேன், சித்த இருங்க. அந்தம்மா வாய்க்கு வந்தபடி திட்டுச்சுன்னா வாங்கிக்குவனுங்க. "பரவால்ல சாமி, உக்காரு, தண்ணி குடி"ன்னு சொல்லிப்போடுமோன்னுதான் பயமா இருக்குது.