ஒரு தலை தெரிந்தால் போதும்

எங்கள் தியேட்டரில் ஏசி எப்போதுமே கொஞ்சம் அதிகம்தான். படம் பார்க்க வருகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நடுங்குவார்கள், போகும்போது என்னை நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போவார்கள். குறைக்க வழியில்லை, மேடம். கூட்டம் கூட்டமாக ஆட்கள் உட்கார்ந்து மூச்சுவிட்ட காலத்தில் மாட்டிய இயந்திரம் அது. ஆள் குறைந்துபோனது அதற்கு எப்படித் தெரியும்?

உங்கள் போனைக் கொஞ்சம் கவிழ்த்து வைக்கிறீர்களா? அடிக்கடி வெளிச்சம் வருகிறது. பழக்கதோஷம், தப்பாக நினைக்காதீர்கள்.

தியேட்டரில் நான் மேனேஜர். ஒவ்வொருவராக வேலையை விட்டுப் போனபிறகு டிக்கெட் கொடுப்பது, கிழிப்பது, படம் ஓட்டுவது, பெருக்குவது எல்லாமே நான்தான். அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஹால் காற்று வாங்குவதுதான் தாங்க முடியவில்லை. வெளியாகி ஒரு மாதம் ஆவதற்குள் படம் ஓடிடியில் வந்துவிடுகிறது. என் மனைவியே அடுப்படியில் போனைச் சாய்த்து வைத்துப் படம் பார்க்கிறாள். குக்கர் விசில் அடித்தால் நிறுத்துகிறாள், பாட்டு வந்தால் தள்ளிவிடுகிறாள், அழ வேண்டிய இடத்தில் வெங்காயம் உரிக்கிறாள். அதைப் படம் பார்ப்பது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. படம் பார்க்க வந்தவன் படத்துக்குக் கட்டுப்பட்டு உட்கார வேண்டும். அவன் கையில் ரிமோட்டைக் கொடுத்துவிட்டால், அப்புறம் படம்தான் அவனுக்குக் கட்டுப்பட்டுக் கிடக்கும்.

முதலாளியின் மகன்கள் தியேட்டரை இடித்துவிட்டுச் சரக்குக் கிடங்கு கட்ட வேண்டும் என்று நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். முதலாளிக்கு மனசு வரவில்லை. அவர் எனக்கு ஒரே ஒரு விதி வைத்தார்.

"ஆளே இல்லாம என்னிக்கு ஒரு ஷோ ஓடுதோ, அன்னிக்கே பூட்டிடலாம்ப்பா. ஆனா ஒரு தலை தெரிஞ்சாப் போதும், ஓட்டு."

சொன்னதோடு நிற்கமாட்டார். முன்னறிவிப்பு இல்லாமல் வருவார். பின்பக்கத் திரைச்சீலையை விலக்கி எட்டிப் பார்ப்பார். திரை வெளிச்சத்தில் ஒரு தலையாவது தெரிந்தால் என் தோளைத் தட்டிவிட்டுப் போய்விடுவார். டிக்கெட் கணக்கெல்லாம் கேட்கவே மாட்டார். கண்ணால் ஒரு தலையைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்தத் தலை பெரும்பாலும் டிரைவர் அண்ணனுடையது. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தினமும் மத்தியானக் காட்சிக்கு வந்து முன்வரிசை நடு இருக்கையில் உட்காருவார். "வாழ்க்கை பூரா கண்ணாடிக்கு முன்னாடியே உக்காந்தாச்சு தம்பி. இங்கதான் பின்னாடி யார் ஏறுறாங்க, யார் எறங்குறாங்கன்னு கவலையில்லாமப் பாக்கறேன்" என்பார். திரையில் கார் வேகமாக வந்தால் அவருடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தும். பிரேக் போடுகிறாராம். அந்தச் சத்தம் ஆபரேட்டர் அறை வரை கேட்கும். நான் தனியாகச் சிரித்துக்கொள்வேன். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். இதை நீங்கள் கட்டாயம் எழுதிக்கொள்ள வேண்டும்.

போன மாதம் ஒருநாள் டிக்கெட் வாங்கும்போதே முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"பொண்ணு பெரிய டிவி வாங்கி மாட்டிட்டா தம்பி. சுவர் முழுக்கப் படம். நடுவுல பாத்ரூம் வந்தா நிறுத்திட்டுப் போயிட்டு வரலாம்."

"நிறுத்திட்டா?"

"ஆமா. நாம வர்ற வரைக்கும் அப்படியே நிக்குது, பாவம். இனிமே படியேறி வர வேணாங்கறா. இன்னியோட சரி, உன்கிட்டச் சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

ஓங்கிய கையோடு ஒரு கதாநாயகன், இவர் பாத்ரூமிலிருந்து வரும்வரை அந்தரத்தில் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தேன். அன்றைக்கு முதலாளி வருவதாகச் சொல்லியிருந்தார். மகன்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய நாள். மத்தியானமும் மாலையும் ஆள் இருந்தால் இன்னும் ஒரு வருஷம் ஓட்டலாம், இல்லையென்றால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும் என்று பேச்சு. மத்தியானக் காட்சிக்கு அண்ணன் ஒருவர்தான். அவர் இருக்கிறார், அது போதும் என்று தைரியமாகப் படத்தைப் போட்டேன்.

இடைவேளையில் அவர் எழுந்து வந்தார். முகம் வேர்த்திருந்தது. அந்த ஏசியில் யாரும் வேர்த்து நான் பார்த்ததில்லை.

"நெஞ்சுல என்னமோ அடைக்கற மாதிரி இருக்கு. மாத்திரை வீட்டுல கெடக்கு. நான் கெளம்பறேன்."

"மீதிப் படம் அண்ணே?"

"அது கெடக்கட்டும். இதே படம் வீட்டுல வந்துடுச்சாம். விட்ட எடத்துலேர்ந்து பாத்துக்கலாம்."

எனக்குக் கோபம் வந்தது என்று நினைப்பீர்கள். கோபம் இல்லை, மேடம். யாரோ எனக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு விளக்காக அணைப்பது போலிருந்தது. "உக்காருங்க அண்ணே, தண்ணி கொண்டாரேன்" என்று அவரைக் கைத்தாங்கலாக இருக்கையில் உட்கார வைத்தேன். அவரும் நம்பி உட்கார்ந்தார். வெளியே வந்து எல்லாக் கதவுகளையும் தாழிட்டேன். வெளிப்பக்கத் தாழ்ப்பாள் எதற்கு என்று நேற்று உங்கள் ஆள் ஒருவர் கேட்டார். டிக்கெட் கிடைக்காத கூட்டம் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்த காலத்தில் போட்டது. அப்படியும் ஒரு காலம் இருந்தது.

மேலே போய் மீதிப் படத்தைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் கதவு தட்டும் சத்தம் வந்தது. ஒலியை ஏற்றினேன். பிறகு அவர் நடு வழியில் வந்து நின்று கையை உயர்த்தினார் போலிருக்கிறது. திரையில் பெரிய கை ஒன்றின் நிழல் விழுந்தது. விரல்கள் விரிந்து மூடின. கதாநாயகியின் முகத்துக்கு மேலே அந்தக் கை கொஞ்ச நேரம் ஆடிவிட்டு இறங்கிவிட்டது.

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. தண்ணீர் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். கதவோரம் தரையில் சாய்ந்து கிடந்தார். தூக்கிக்கொண்டுபோய் அவருக்குப் பிடித்த இடத்திலேயே உட்கார வைத்தேன். வாய் கோணியிருந்தது, பேச்சு வரவில்லை. யாரோ எப்போதோ மறந்துவிட்டுப் போன சால்வை ஒன்று அலுவலக அறையில் இருந்தது. குளிருமே என்று அதைத் தலையைச் சுற்றிப் போர்த்திவிட்டேன். "முதலாளி பாத்துட்டுப் போனதும் நானே வண்டி புடிச்சுக் கூட்டிட்டுப் போறேன் அண்ணே" என்றேன். அவர் தலையசைத்தது போலத்தான் இருந்தது.

முதலாளி வந்தார். திரைச்சீலையை விலக்கிப் பார்த்தார்.

"பரவாயில்லையே, வேலை நாள்ல கூட ஆள் வருது!" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அந்த மனிதரை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்து வெகு நாளாகியிருந்தது. மாலைக் காட்சியையும் பார்த்துவிட்டே போகிறேன் என்று அலுவலக அறையில் உட்கார்ந்துவிட்டார். நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள். மாலைக் காட்சிக்கும் டிக்கெட் ஜன்னலில் ஒரு குஞ்சும் எட்டிப் பார்க்கவில்லை. அண்ணன் இருந்தார். அதே படத்தை மறுபடியும் போட்டேன். முதலாளி இன்னொரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு வருஷத்துக்கு ஓட்டச் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு நான் வண்டி பிடிக்கவில்லை. பிடிக்க வேண்டிய அவசியமும் இல்லாமல் போய்விட்டது. ஆனால் மறுநாளும் காட்சி உண்டு, மறுநாளும் ஒரு தலை வேண்டும். ஏசியை ராத்திரியும் அணைக்காமல் ஓடவிட்டேன்.

அந்த நாட்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். படத்தில் ஒரு லாரி துரத்தும் காட்சி வரும். ஒவ்வொரு காட்சியிலும் சரியாக அந்த இடத்தில், முன்வரிசையில் ஒரு கால் தரையை அழுத்தும் சத்தம் எனக்குக் கேட்டது. முதலில் பயந்தேன். பிறகு அந்தச் சத்தம் வந்தால்தான் நிம்மதியாக இருந்தது. இப்போது இந்த ஸ்டேஷனுக்கு வெளியே வண்டிகள் போகும்போதெல்லாம் கேட்கிறது. உங்கள் மேசைக்கு அடியிலிருந்துதான் வருகிறது. உங்களுக்குக் கேட்கவில்லை என்றால் நல்லதுதான்.

ஏசி கெட்டுப்போனது, மெக்கானிக் வந்தார், நான் டீ வாங்கப் போயிருந்த நேரத்தில் உள்ளே போய்ப் பார்த்துவிட்டார். மீதி உங்களுக்கே தெரியும்.

நீங்கள் திரும்பத் திரும்ப அவருடைய மகளைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். சரி, சொல்கிறேன். அந்தப் பெண் அன்றைக்கு மாலைக் காட்சியின்போதே வந்தாள், முதலாளி போன கொஞ்ச நேரத்தில். அப்பா இன்னும் வீட்டுக்கு வரவில்லை என்றாள். இடைவேளையிலேயே கிளம்பிவிட்டாரே அம்மா என்றேன். அவர் கிளம்புகிறேன் என்று சொன்னது உண்மைதானே. ஒரு தடவை உள்ளே பார்க்கட்டுமா என்று கேட்டாள். நான் தடுக்கவில்லை. நானே திரைச்சீலையை விலக்கிக் காட்டினேன்.

முன்னால் சால்வை சுற்றிய ஒரு தலை மட்டும் தெரிந்தது. எங்கள் தியேட்டருக்கு அவள் ஒருநாளும் வந்ததில்லை, அவர் எங்கே உட்காருவார் என்று அவளுக்குத் தெரியாது. இருந்தும் இருட்டைப் பார்த்து, "அப்பா?" என்று ஒரு தடவை கூப்பிட்டாள். சத்தமாகக்கூட இல்லை. பிறகு, "யாரோ ஒரு அம்மா உக்காந்திருக்காங்க போல. டிஸ்டர்ப் பண்ணிட்டேன், சாரி சார்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள்.

அவள் திரும்பிய பிறகுதான் அந்தத் தலை அசைந்தது. மெதுவாகத் திரும்பி எங்கள் பக்கம் பார்த்தது. கண் திறந்திருந்தது. நான் திரைச்சீலையை விட்டுவிட்டேன்.

விட்டுவிட்டு ஓரமாக ஒரு விரல் இடைவெளியில் பார்த்துக்கொண்டுதான் நின்றேன், மேடம். மனசு கேட்கவில்லை. சிறிது நேரத்தில் அவர் மறுபடியும் படத்தின் பக்கமே திரும்பிக்கொண்டார். வீட்டுக்குப் போக வேண்டும் என்று நிஜமாகவே ஆசை இருந்தவர் அப்படித் திரும்பியிருப்பாரா, நீங்களே சொல்லுங்கள்.