தொட்டிவாய் மேல் போட்ட மேசை

ஞாயிற்றுக்கிழமை காலையில் முற்றம் கழுவுவது எனக்குப் பிடித்த வேலை, ஐயா. ஈரக்கல்லில் வளைவுகளின் நிழல் விழும். சுற்றிலும் கடைக்காரர்கள் கதவு திறப்பார்கள். சாப்பாட்டுக் கடைகளிலிருந்து மோலே குழம்பு மணக்கும். எங்கள் பூயெப்லா ஊரில் பழைய வீடுகள் நிறைய உண்டு. அப்படி ஒன்றுதான் கடைகள் நிறைந்த எங்கள் வீடு; முற்றத்தைப் பார்த்துக்கொள்பவன் நான்.

முற்றத்துக்கு அடியில் மழைநீர்த் தொட்டி இருக்கிறது. உள்ளே இறங்குகிறவர் தொட்டியின் வாயருகே தொப்பியைக் கழற்றி வைப்பார். தொப்பி இருக்கும்வரை மூடியை யாரும் தொட மாட்டார்கள். மூடினால் உள்ளே மூச்சுக்குக் காற்று போதாது.

எவரிஸ்தோ மேஸ்திரியும் தொப்பியை வைத்துவிட்டுத்தான் இறங்கினார். தரைக்கல் ஒன்று அமுங்கியிருந்தது. பார்க்கச் சொன்னவன் நான்தான். கீழிருந்து குரல் கொடுத்தார்.

“கிறிஸ்பின், தாங்குற தூணே வெடிச்சுப் போச்சுடா. இன்னிக்கு மேல ஒரு மேசைகூடப் போடாதே.”

“பூசிட்டா சரியாகாதா மேஸ்திரி?”

“பூசி மறைக்க இதென்ன உன் மூஞ்சியா? நகராட்சியில சொல்றேன், வீட்டையே மொத்தமா பூட்டட்டும்.”

பூட்டினால் எத்தனை அடுப்பு அணையும் என்று அவர் நினைக்கவில்லை. நான் நினைத்தேன். எனக்கும் வேறு போக்கிடம் கிடையாது. அவர் விளக்கோடு உள்ளே தள்ளிப் போனதும் ஏணியை மேலே இழுத்தேன். மூடியை நகர்த்தினேன். அதன்மேல் மேசை போட்டு வெள்ளைத் துணி விரித்தேன். தொப்பியை என் தலையில் வைத்துக்கொண்டேன்.

பரிமாறுகிற ரொசவுரா சிரித்தாள். “என்னண்ணே, தொப்பியெல்லாம் பலமா இருக்கு? பொண்ணு பாக்கப் போறியா?”

“வெயில் தாங்கலம்மா.”

ஆட்கள் சாப்பிட உட்கார்ந்தபோது அடியில் சுத்தியல் தட்டியது. என் கையிலிருந்த தட்டு எதுவும் நழுவவில்லை. மரிம்பா என்ற மரக்கட்டை வாத்தியம் வாசிப்பவர்களை அந்த மேசைப் பக்கமாக வரச் சொன்னேன். மேசையிலிருந்த சின்னப் பெண் அந்தத் தட்டலுக்கு ஏற்பக் கரண்டியால் தாளம் போட்டாள்.

“கீழ யாருப்பா தட்டுறது?” என்றாள் அவள் அம்மா.

“பழைய குழாய்ம்மா. அப்படித்தான் தட்டும்.”

சத்தம் கேட்டும் ஏன் திறக்கவில்லை என்கிறீர்கள். திறந்திருப்பேன், ஐயா. கோபத்தில் தட்டினார்; தணியட்டும் என்று காத்திருந்தேன். இனிப்பு பரிமாறுகையில் தட்டல் மெதுவானது. பிறகு நின்றது. என் பக்கத்து நியாயம் மேஸ்திரிக்குப் புரிந்துவிட்டது என்று அப்போதுதான் எனக்கு நிம்மதியாயிற்று.