வேலைக்காரி வேடத்து இங்கிலீஷ்

முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்காக எனக்கு ஏன் அவ்வளவு வெட்கமாக இருந்தது?

தின்கன்ஜூன் பேட்டைக்குப் போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன்னால் அக்காவும் தங்கையுமாக இருவர் தமிழில் பேசிக்கொண்டு வந்தார்கள். அக்காவின் மகள் ஜன்னலோரம் குனிந்தபடி இருந்தாள். இருபது வயது இருக்கும்.

“வேலை இன்டர்வியூல உட்காரச் சொன்னா இவ உட்காரலையாமே?” என்றாள் தங்கை.

“எங்க உட்கார்ந்தா! முட்டிய மடிச்சு வணங்கி, ‘எஸ் மேடம், வெரி குட் மேடம்’னு நின்னுக்கிட்டே இருந்திருக்கா. அந்த மேனேஜரம்மா சிரிச்சிருச்சாம்.”

“இதெல்லாம் யாருக்கா சொல்லிக் குடுத்தது?”

“அந்த லண்டன் நடிகைதான்! இங்கிலீஷ் சுத்தமா இருக்கு, பாத்துக் கத்துக்கட்டும்னு அவ சிடியா தேடி வாங்கியாந்தாரு இவ அப்பா. அவ டிவில வருசக்கணக்கா வேலைக்காரி வேசந்தான் போட்டிருக்கா. நமக்கு என்னடி தெரியும்?”

“அப்புறம் சினிமாவுல பெரிய வீட்டு எஜமானியா வந்தாளே! அதப் போட்டுக் காட்டு.”

“காட்டினேன். ‘அந்த மாதிரி பேச எனக்கு வராதும்மா’ன்னு நிறுத்திட்டா.”

இருவரும் சிரித்தார்கள். அந்தப் பெண் இறங்கும் வரை தலை நிமிரவில்லை.

என் மடியில் நான்கு வயது மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அதே நடிகையின் சிடிகள்தான் எங்கள் வீட்டிலும் ஓடுகின்றன. விருந்தினர் வந்தால் என் மகளும் முட்டியை மடித்து “எஸ் மேடம்” என்பாள், நாங்கள் கைதட்டுவோம். இனி வேண்டாம் என்றால், ஏன் என்று கேட்பாள். அவள் கூனிக் குறுகாதபடி என்ன பதில் சொல்வது? பிள்ளை வளர்த்தவர்கள் எழுதுங்கள்.