பதிவேட்டறைச் சாவியைக் கையளித்துச் செல்லும் நாகேந்திரம் ஐயாவுக்கு

வெள்ளவத்தைக் கடற்காற்றுக்கும் கலையாத காகிதங்களின் காவலரே! இருபத்தொன்பது ஆண்டுகளாக எங்கள் மருத்துவமனையின் பதிவேட்டறையில் பிறர் நோயைத் தம் நெஞ்சில் பூட்டிவைத்த பெருந்தகையே! கேட்டவுடன் கொடுக்காத கண்டிப்பே, கேளாமலே தேநீர் ஊற்றித் தரும் கனிவே! நாகேந்திரம் ஐயா அவர்களே, உங்களுக்கு எங்கள் வணக்கம்!

கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி, மூன்று சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி, எங்களுக்கு முன்னமே வந்து மேசை துடைத்திருப்பீர்கள். பக்கத்துத் தெருவில் இருக்கும் நாங்கள் பிந்தி வந்து மழையைச் சாட்டுவோம். நீங்கள் மணிக்கூட்டை மட்டும் பார்ப்பீர்கள். அது ஏச்சிலும் கொடுமை ஐயா!

நோயாளி ஒருவர் வந்து படுத்ததும் கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு, கட்டிலருகே குனிந்து, "உங்கட கோப்பை ஆருக்குக் காட்டலாம்? மெதுவாச் சொல்லுங்கோ" என்று கேட்பீர்கள். அவர் சொன்ன பெயரை உறையின் மேல் எழுதுவீர்கள். இந்த வழக்கத்தை வேறெந்த ஆஸ்பத்திரியிலும் நாங்கள் கண்டதில்லை. ஒரு பெண் தன் தங்கையின் பெயரைச் சொல்லிவிட, "என்ர மனிசியின்ர வருத்தத்தை எனக்குச் சொல்ல ஏலாதோ?" என்று கணவர் மேசையில் அடித்தார். "அவவிட்டயே கேளுங்கோ" என்றீர்கள். அன்று உங்களைக் கல்நெஞ்சர் என்று நாங்களும் முணுமுணுத்தோம்.

போன ஆண்டுதான் எங்களுக்குக் கண் திறந்தது. வடக்கிலிருந்து வந்து தங்கிய தமிழரைப் பொலிசார் லொட்ஜ் லொட்ஜாகத் தேடிய நாட்கள் அவை. கோப்பிலுள்ள ஒரு விலாசம் போதும், ஒருவர் வீடு திரும்பாமற் போவதற்கு. அப்படியொரு நாளில் கடுங்காய்ச்சலோடு நினைவின்றி ஒருவரைக் கொண்டுவந்தார்கள். பெயரை இங்கே சொல்லமாட்டோம். சொன்னால் நீங்களே மேடையிலிருந்து எழுந்து இந்தத் தாளைப் பறித்துவிடுவீர்கள். அவரிடம் எதையும் கேட்க முடியாததால் உறையின் மேல் எந்தப் பெயரும் இல்லை. இங்கே போட்ட ஊசி ஒத்துக்கொள்ளாமல் போகவே, பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினோம். அந்த அவசரத்தில் எந்த ஊசி என்பதைக் கடிதத்தில் எழுத மறந்தோம்.

மறுநாட் காலை, "நான் அவரின்ர மச்சான், கோப்பைத் தாங்கோ" என்று நல்ல யாழ்ப்பாணத் தமிழில் கேட்டபடி ஒருவர் வந்தார். நோயாளியின் அடையாள அட்டை இலக்கமும் அவர் கையில் இருந்தது. உங்கள் உதவியாளர் ஒஸ்வால்ட் நம்பிவிட்டார், கோப்பை எடுத்து மேசையில் வைத்தேவிட்டார். இதை மறைக்காமல் எழுதச் சொன்னவரும் அவரே. நீங்கள் வந்தீர்கள், கோப்பை எடுத்து நாற்காலியில் போட்டீர்கள், அதன் மேல் அமர்ந்துகொண்டீர்கள்!

"மச்சான் என்ன தம்பி சாப்பிடுறவர்?"

"பாண்."

"எந்தப் பக்கம் சரிஞ்சு படுக்கிறவர்?"

"பிறகு வாறன்" என்றவர் எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

ஒரு மணித்தியாலம் கழித்து, காய்ச்சல் தொடங்கிய நாள் முதல் நோயாளியைப் பராமரித்த முஸ்லிம் பெண்மணி மூச்சிரைக்க ஓடி வந்தார். அவர் சொந்தமுமில்லை, பந்தமுமில்லை. "ஊசி போடப் போறாங்க, என்ன ஒத்துக்காதுண்டு டொக்டர் கேக்குறாரு" என்றார். அதே இரண்டு கேள்விகளைக் கேட்டீர்கள். "பாணா? தொண்டையால எறங்காது, வடிச்ச கஞ்சிதான். வலப்பக்கம் நோவுது, இடப்பக்கந்தான் படுப்பாரு" என்று அழுதார். இரண்டும் கோப்பில் குறித்திருந்தவற்றோடு பொருந்தின. உடனே அந்த மருந்தின் பெயரை மட்டும் ஒரு துண்டில் எழுதி, "இவ்வளவுதான் பிள்ளை அங்க தேவை" என்று கொடுத்தீர்கள். உறவென்று வந்தவருக்குக் கொடுக்கவில்லை, உறவில்லாதவருக்குக் கொடுத்தீர்கள், ஓர் உயிர் தங்கியது. அந்த நோயாளி இப்போது எங்கே என்று எங்களுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம் என்றீர்கள்.

ஐயா, உங்களிடம் மறைத்த ஒன்றை இன்று சொல்கிறோம். அதே மனிதர் போன புதன்கிழமை வந்தார். கோப்புக் கேட்கவில்லை. "பெரியவர் எப்ப ஓய்வு பெறுறார்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். அந்தக் கோப்பும் அதைப் போன்ற நூற்றுக்கணக்கான கோப்புகளும் அலுமாரியில் இருக்கின்றன. திங்கட்கிழமை உங்கள் நாற்காலியில் ஒஸ்வால்ட் இருப்பார். எங்களுக்குப் பயமாக இருக்கிறது ஐயா. பாராட்டு மடலில் இப்படி எழுதக்கூடாதுதான். ஆனால் உங்களிடம் பொய் எழுதிப் பழக்கமில்லை.

நீங்கள் நோயின்றி, நித்திரை குறைவின்றி, சாவடியில் இறங்கத் தேவையற்ற ஒரு காலத்தையும் கண்டு, உங்கள் துணைவியார் கௌரி அம்மாவோடு நெடுங்காலம் வாழ வேண்டும்!

இத்தகைய மடல்களில் "ஊழியர்கள்" என்று பொதுவாக ஒப்பமிடுவது வழக்கம். அப்படியே விட்டுவிடலாமென்று எங்களில் சிலர் சொன்னதும் உண்மை. பிறகு எல்லோருமே முழுப் பெயரை எழுதினோம். ஒரு பிரதி உங்கள் வீட்டுச் சுவருக்கு. மற்றதைப் பதிவேட்டறை மேசைக்கு மேலே, கோப்புக் கேட்டு வருகிறவர் நின்று வாசிக்கக்கூடிய உயரத்தில் மாட்டுகிறோம்.

இங்ஙனம்,
ஒஸ்வால்ட் பெர்னாண்டோ, பதிவேட்டறை
சரோஜினிதேவி வரதராசா, தாதி
றலியா ஹமீட், தாதி
பேதுரு அந்தோனி, சிற்றூழியர்
மீரா சாஹிப் ஸஹாப்தீன், மருந்தகம்
ஆறாயி முத்தையா, துப்புரவுப் பணி

வெள்ளவத்தை, 1997