சத்தமில்லாத கூண்டுகள்

ராத்திரி இரண்டு மணி. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு ரோடு. ஒரு பக்கம் நீளமான மதில், மறுபக்கம் வெறும் பொட்டல். அந்த நேரத்தில் அங்கே நடக்க யாருக்கும் வேலை கிடையாது. என் சிநேகிதனின் அக்கா நடந்தாள்... தனியாக. கிட்டே வந்து உட்காருங்கள், சொல்கிறேன்.

அவளுடைய ஒரே பையனுக்கு அன்று பகலில்தான் ஆபரேஷன். பிறக்கும்போதே இதயத்தில் ஓட்டை. பெரிய டாக்டர் தன் கையாலேயே ஒட்டுப் போட்டு அடைத்திருந்தார். நல்ல மனிதர். பயந்து அழுத பையனைத் தானே தூக்கிக்கொண்டுதான் ஆபரேஷன் அறைக்குப் போனார். இந்த ராத்திரி தாண்டிவிட்டால் பிழைத்துவிடுவான் என்று சொல்லியிருந்தார்கள்.

பெற்றவர்கள் உள்ளே இருக்கக் கூடாது. பையன் நன்றாகத் தூங்குகிறான், நீங்களும் போய்க் கொஞ்சம் படுங்கள் என்று நர்ஸ் அனுப்பிவிட்டாள். வீட்டுக்காரர் வராந்தா பெஞ்சிலேயே சாய்ந்து தூங்கிப்போனார். அக்காவுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. வராந்தாவை அளந்தாள். படி இறங்கினாள், ஏறினாள். கடைசியில், மாற்றுத் துணி எடுத்து வரலாம் என்று தனக்கே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். வாய் மட்டும் கடவுளைக் கூப்பிட்டபடியே இருந்தது.

அந்த மதிலுக்கு உள்ளேதான் பழைய ஆராய்ச்சிக் கூடம். இப்போது பூட்டிக் கிடக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் அக்கா அங்கேதான் வேலை பார்த்தாள். கத்தி, கத்தரிகளைக் கொதிக்க வைப்பது, கேட்கும்போது எடுத்துக் கொடுப்பது. ஆபரேஷன் எல்லாம் நாய்களுக்கு. நல்ல இதயத்தில் ஓட்டை போட்டு, அதை எப்படி அடைப்பது என்று டாக்டர்கள் பழகிய இடம். பெரிய டாக்டர் கை பழகியதும் அங்கேதான்.

மயக்க மருந்தே இல்லாத அந்தக் காலத்தில் நாய்களைப் பலகையில் கட்டிப்போட்டு, உயிரோடு அறுத்தார்களாம். இங்கே அப்படி இல்லை. மயக்கம் கொடுத்துத்தான் செய்தார்கள். ஆனால் வருகிற ஒவ்வொரு நாய்க்கும் முதல் ஆபரேஷன் தொண்டையில். குரலை எடுத்துவிடுவார்கள். குரைப்புச் சத்தத்தில் தூங்க முடியவில்லை என்று பக்கத்து வார்டு நோயாளிகள் புகார் செய்ததால் வந்த ஏற்பாடு அது.

அதனால் என்ன ஆயிற்று தெரியுமா... நெஞ்சைத் தைத்துக் கூண்டில் போட்ட பிறகு ஒரு சின்ன டாக்டர் வந்து எட்டிப் பார்ப்பார். ஒரு முனகல் இல்லை. அமைதியாக இருக்கிறது, வலிக்கு ஊசி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போவார். சாயங்காலமானால் விளக்கை அணைத்துப் பூட்டிவிடுவார்கள். யாரும் கொடியவர்கள் இல்லை. களைத்துப் போனவர்கள். அக்கா சில நாள் பஸ்ஸை விட்டுவிட்டு, கம்பிக்குள் கையை நுழைத்து, நாய் கண் விழிக்கிறவரை அதன் நெற்றியில் வைத்திருப்பாள். அவளால் முடிந்தது அவ்வளவுதான்.

இந்த இடத்தில் நம்ம பாதி டாக்டர் வாயைத் திறப்பான் என்று தெரியும். டாக்டருக்கு இரண்டாம் வருஷம் படிக்கிறான் அல்லவா... கேளடா.

"அதெல்லாம் செய்யலேன்னா அந்தப் பையன் பிழைச்சிருப்பானா?"

"அக்காவும் அதையேதான் கேட்டுக்கிட்டு நடந்தாங்க. போர்வையை நீ ஒருத்தனே இழுத்துக்காம சும்மா இரு."

அக்கா மதிலை ஒட்டிப் போனாள். அத்தனை உயிரை வாங்கிக்கொண்டுதான் என் பிள்ளைக்கு உயிர் கொடுத்தாயா என்று கடவுளிடம் கேட்டாள். கேட்கவும் பயமாக இருந்தது. எங்கே அவர் திருப்பி எடுத்துக்கொள்வாரோ என்று.

அப்போது பின்னால்... டிக். டிக். டிக்.

தார் ரோட்டில் நகம் படுகிற சத்தம்.

அவள் நின்றாள். அதுவும் நின்றது. நடந்தாள். டிக், டிக். மயக்க மருந்தின் இனிப்பு வாடை வந்தது. கூடவே நனைந்த ரோமத்தின் நாற்றம். மழை பெய்து வாரக்கணக்கில் ஆகியிருந்தது... அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வேகமாக நடந்து அடுத்த விளக்குக் கம்பத்துக்கு வந்தாள்.

அது அவளுக்கு முன்னால் நின்றது.

நாய். நெஞ்சு மழித்திருந்தது. நடுவில் மேலிருந்து கீழாகக் கறுப்பு நூல் தையல்.

அவள் இடது பக்கம் ஒதுங்கினாள். அதுவும் இடது பக்கம் வந்து மறித்தது. வலது பக்கம் போனாள், அங்கேயும் வந்தது. பிறகு கழுத்தை நீட்டி வாயைத் திறந்தது. குரைத்தது. முன்னங்கால்கள் தரையை விட்டு எழும்பின, விலா உள்ளே இழுத்து இழுத்து விட்டது, தொண்டை துடித்தது. வெறும் காற்று... ஹ்ஹ்... ஹ்ஹ்... அவ்வளவுதான். உடம்பு முழுக்கக் குரைத்தது. சத்தம் மட்டும் இல்லை.

அது எந்த நாய் என்று அக்காவுக்கு அடையாளம் தெரியவில்லை. எத்தனையோ நாய்கள். பயத்தைவிட அதுதான் அவளைச் சுட்டது.

பிறகு சட்டென்று அவளுக்கு உறைத்தது. சத்தமே இல்லாத வாய்... நன்றாகத் தூங்குகிறான் என்றாளே நர்ஸ்...

திரும்பி ஓடினாள். செருப்பு ஒன்று எங்கேயோ கழன்றது. காவல்காரரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். நர்ஸ் அடுத்த கட்டில் குழந்தையோடு போராடிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அவன் தூங்குறான்க்கா. ஒரு சத்தம்கூட இல்ல."

"வாயில மூச்சுக்குக் குழாய் வச்சிருக்கீங்களேம்மா. எப்படிச் சத்தம் போடுவான்?"

பையன் விழித்திருந்தான். கண் இரண்டும் அகலத் திறந்திருந்தது. கண்ணீர் பக்கவாட்டில் வழிந்து காதில் நிறைந்திருந்தது. வலிக்கும் தூக்கத்துக்கும் மருந்து போகிற குழாய் ஊசியிலிருந்து நழுவி, போர்வைக்கு அடியில் சொட்டிக்கொண்டிருந்தது. அறுத்த நெஞ்சோடு எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தானோ...

நர்ஸ் அழுதுகொண்டே குழாயை மாட்டினாள். இன்னும் கொஞ்சம் போயிருந்தால் அந்தத் துடிப்பில் இதயத்துத் தையல் தாங்கியிருக்காது என்றாள். பிறகு ஒரு ஸ்டூலைக் கட்டிலருகே இழுத்துப் போட்டுவிட்டு, யாரும் உள்ளே வராத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அக்கா அந்தப் பெண்ணுக்காகவும் சேர்த்துத்தான் கடவுளிடம் வேண்டினாள்.

மறுநாள் காலையில் பையன் வாயிலிருந்து குழாயை எடுத்தார்கள். பெரிய டாக்டர் வந்தார். பையன் கன்னத்தைத் தட்டினார், சிரித்தார், போனார்.

பையன் அவர் போன வழியையே பார்த்துக்கொண்டிருந்தான். குரல் கம்மியிருந்தது.

"அம்மா... நாயெல்லாம் போகுது."

"எந்த நாய் கண்ணு?"

"ராத்திரி பூரா கட்டிலுக்குக் கீழ படுத்திருந்துச்சே. டாக்டர் வந்ததும் எல்லாம் எழுந்து நின்னுச்சு. இப்ப அவர்கூடப் போகுது."

அக்கா அவன் முகத்தருகே குனிந்தாள்.

"கோவமாவா போகுது?"

அவன் இல்லையென்று தலையை அசைத்தான்.

"வாலை ஆட்டிக்கிட்டு."

அக்கா வராந்தாவைப் பார்த்தாள். நீள வராந்தா. பெரிய டாக்டர் தனியாகத்தான் போய்க்கொண்டிருந்தார். பாதி தூரத்தில் நின்றார். வலது கையை விளக்குக்கு நேரே தூக்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏதோ நாக்கு பட்ட ஈரத்தைத் துடைக்கிற மாதிரி கோட்டில் துடைத்தார். நடந்தார். மறுபடியும் நின்றார்... மறுபடியும் துடைத்தார்.

இந்தத் தடவை இரண்டு கையையும்.