மூன்றாம் பாகத்துக்கு முன்னால்

வேகா லைன் கம்ப்யூட்டர் விளையாட்டை முதல் பாகத்திலிருந்து வரிசையாக ஆட வேண்டுமா, நேரே மூன்றாம் பாகத்துக்குப் போகலாமா என்று நம் இணையக் குழுவில் கேட்டிருந்தீர்கள். வரிசையாக ஆடுவதுதான் முறை என்று நான் பதில் போட்டேன். அதற்குக் கீழே பிரவீன்ராஜ், "இந்த ஆளோட தம்பி என்ன ஆனான்னு இவர்கிட்டயே கேளுங்க" என்று எழுதியிருந்தான். நீங்களும் கேட்டுவிட்டீர்கள். கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் இருப்பது எனக்குப் பழக்கமில்லை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் ரெஜிஸ். ஸ்ரீரங்கத்தில் லேப்டாப் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். வீடு பாலக்கரையில். அப்பா காலமாகி வெகுநாளாகிறது. அம்மா சகாயம்மாள், நான், தம்பி ஆஷ்லி, இவ்வளவுதான் குடும்பம். ஆஷ்லி தெருமுனையில் வரும்போதே அவன் சிரிப்பு வீட்டுக்குள் கேட்கும். எதிர்வீட்டுக்காரர்கள் மீன் குழம்பு வைத்தால் அவனுக்கு ஒரு கிண்ணம் வரும். எனக்கும் அவனைப் பிடிக்கும். என்னை யாரும் வெறுத்தது கிடையாது. ரிப்பேர்க்காரனை எப்படிப் பார்ப்பார்களோ அப்படிப் பார்ப்பார்கள். வேலை முடிந்ததும் போய்விடுவார்கள்.

அவனுக்கு இருபத்தாறு வயதில் இரண்டு கிட்னியும் பழுதாகிவிட்டன. கால் வீங்கியது, சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்தது, ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றே டயாலிசிஸில் போட்டுவிட்டார்கள். வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் அரை நாள். கூடப் பிறந்தவர்களோ பெற்றவர்களோ ஒரு கிட்னி கொடுத்தால் நல்லது என்றார் டாக்டரம்மா. அம்மாவுக்கும் எனக்கும் பரிசோதனை செய்தார்கள். இரண்டு பேருடையதும் பொருந்தியது.

அம்மா அங்கேயே சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, "எப்ப வந்து படுக்கணும், சொல்லுங்க டாக்டரம்மா" என்றாள். நான்தான் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"நான் ஒருத்தன் கல்லு மாதிரி நிக்கிறப்போ உன்னை அறுக்க விட்டுருவேனாம்மா?" என்றேன்.

அம்மா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். நினைவு தெரிந்து அவள் என்னை அப்படிக் கட்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால் அறிமுகமில்லாதவர்கள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கடையில் பிரிண்டரைக் கொண்டுவந்து போட்ட ஒரு உத்தர வீதிப் பெரியவர், "ஸ்வாமி, நீர் பண்றது பெரிய கைங்கர்யம். பெருமாள் உம்மை ஒரு குறையும் இல்லாம வெச்சுப்பார்" என்று கும்பிட்டார். வீட்டில் வஞ்சிரம் வறுத்தால் நடுத்துண்டு என் தட்டுக்கு வந்தது. ஆஷ்லிக்கு உப்பில்லாத பத்தியச் சாப்பாடு.

விளையாட்டு இதற்குப் பிறகுதான் வருகிறது. டயாலிசிஸ் நேரத்தில் இடது கையில் ஊசி இருக்கும், அசைக்கக் கூடாது. வலது கை சும்மா கிடக்கும். பொழுது போகட்டும் என்று கடையிலிருந்து ஒரு பழைய லேப்டாப்பையும் மௌஸையும் கொடுத்தேன். வேகா லைன் மௌஸ் ஒன்றை வைத்தே ஆடக்கூடியது. அவன் சிநேகிதன் பிரவீன்ராஜ் மூன்றாம் பாகத்தைப் பற்றி வாய் ஓயாமல் பேசியிருந்தான். அதில் வரும் முடிவைப் போல எந்த விளையாட்டிலும் கிடையாது என்று சொல்லிச் சொல்லி ஆஷ்லிக்கு ஆசை காட்டிவிட்டான்.

"அண்ணே, ஆபரேஷனுக்கு முன்னாடி மூணாவதை மட்டும் ஆடிப் பாத்துடறேன். அப்படியே எந்திரிக்காமப் போயிட்டேன்னா?" என்று சிரித்தான். சிரித்தாலும் பயந்திருந்தான். சின்ன வயதில் தடுப்பூசிக்கே கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்கிற பிள்ளை அவன்.

"மூணாவதை மட்டும் ஆடினா ஒண்ணும் புரியாதுடா. முதல்லேருந்து வா" என்றேன்.

நீங்கள் இன்னும் ஆடவில்லை என்பதால் சொல்கிறேன். முதல் பாகத்தில் விண்கப்பலில் உறைதூக்கத்தில் கிடக்கும் பயணிகளில் யாரை எழுப்புகிறோமோ அவர்கள்தான் இரண்டாம் பாகத்தில் நம் கப்பலில் வேலை செய்வார்கள். இரண்டாம் பாகத்தில் யாருடைய நம்பிக்கையைப் பெறுகிறோமோ அவர்கள்தான் மூன்றாம் பாகத்தில் நமக்காக நிற்பார்கள். நாம் சேமித்து வைத்த ஃபைலை அடுத்த பாகம் எடுத்துக்கொள்ளும். வேறு யாரோ ஆடி முடித்த ஃபைலை இணையத்திலிருந்து இறக்கிக்கொண்டால் நேரே மூன்றாம் பாகத்துக்குப் போய்விடலாம் என்று பிரவீன்ராஜ் யோசனை சொன்னான். நான் ஒப்பவில்லை. அடுத்தவன் எடுத்த முடிவுகளை வைத்து இவன் எப்படி ஆடுவது? ஆஷ்லிக்கும் அது நியாயமாகப் பட்டது. முதல் பாகத்தைத் தொடங்கி, கேப்டனுக்குத் தன் பெயரையே வைத்தான்.

ஈஸ்டர் முடிந்ததும் ஆபரேஷன் என்று தேதி குறித்தார்கள். முதல் பாகம் முடிகிற கட்டம். நான் பக்கத்தில் உட்கார்ந்து, மாற்றுக் கிட்னி வைத்த பிறகு கொடுக்கிற மாத்திரையில் கை நடுங்கும் என்பதைச் சொன்னேன். அது உண்மைதான், சிலருக்குக் கொஞ்ச நாள் நடுங்கும். வருஷக்கணக்கில் மௌஸே பிடிக்க முடியாது என்று நான் சேர்த்துச் சொன்னது உண்மை இல்லை. மறுநாள் ஆஷ்லியே டாக்டரம்மாவிடம் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்லிக் கேட்டான். அவர் சத்தம் போட்டார். அம்மா அவன் முகவாயைப் பிடித்துக் கெஞ்சினாள். நான் அவன் பக்கம் நின்று, "அவன் மனசு தயாராகட்டும்மா, நான் எங்க போயிடப் போறேன்" என்றேன். தள்ளிப்போட வேண்டும் என்று என் வாயால் நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

இரண்டாம் பாகம் நீளமானது. கொஞ்சம் இழுவை என்றுகூடச் சொல்லலாம். துணைக் கதைகளை விட்டுவிட்டு ஓடிவிடலாம் என்று ஆஷ்லி பார்த்தான். அதை விட்டால் கப்பல் டாக்டர் மூன்றாம் பாகத்தில் செத்துப்போவாள் என்று சொன்னேன். அவனுக்கு அந்தப் பாத்திரத்தின் மேல் தனிப் பிரியம். எல்லாவற்றையும் பொறுமையாகச் செய்தான். வீட்டிலும் ஆடினால் உடம்பு அசந்துவிடும் என்று லேப்டாப்பை நான் கடைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவேன். டயாலிசிஸ் நாளில் திரும்பக் கொண்டுவந்து கொடுப்பேன்.

இரண்டாம் பாகம் முடியப் போகிற சமயத்தில் ஒருநாள் திறந்தால் ஃபைல் இல்லை. விண்டோஸ் அப்டேட்டில் போயிருக்கும் என்றேன். பாகத்தின் தொடக்கத்திலிருந்து மறுபடியும் ஆடினான். மறுபடியும் முடிவுக்குப் பக்கத்தில் வந்தபோது ஃபைலைக் காணவில்லை. அன்று அவன் கோபப்படவில்லை. ஊசி குத்திய கையை நீட்டிப் படுத்தபடி, "விடுண்ணே, பழைய லேப்டாப்தானே. உன் முகம் ஏன் இப்படி வாடிப்போச்சு" என்று எனக்கு ஆறுதல் சொன்னான். இரண்டு தடவையும் அழித்தது நான். கடையில் வைத்து, டீ குடித்துக்கொண்டே அழித்தேன்.

ஒன்றை வரிசை தவறிச் சொல்கிறேன், மன்னியுங்கள். பரிசோதனை முடிந்த வாரமே டாக்டரம்மா என்னைத் தனியாக உட்கார வைத்துப் பேசினார். கொடுக்கிறவர்கள் எல்லாரிடமும் அப்படித் தனியாகக் கேட்பார்களாம்.

"மனசுல சின்னத் தயக்கம் இருந்தாலும் இப்பவே சொல்லிடுங்க. டெஸ்ட்ல ஏதோ ஒண்ணு சரியா வரலைன்னு நாங்களே வீட்ல சொல்லிடுவோம். யாருக்கும் தெரிய வராது. உங்க அம்மா நல்ல ஆரோக்கியமா இருக்காங்க, அவங்களை வச்சே பண்ணிடலாம்" என்றார்.

"எனக்கு ஒரு தயக்கமும் இல்லீங்க" என்றேன்.

அது பொய் இல்லை. தயக்கம் என்றால் இதுவா அதுவா என்று மனம் ஊசலாட வேண்டும். எனக்கு ஊசலாடவில்லை. கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ஆஷ்லி பழையபடி சிரித்துக்கொண்டு தெருவில் இறங்குவான், எல்லாரும் அவன் பின்னால் போவார்கள், நான் வயிற்றில் தையலோடு ஸ்ரீரங்கத்துக்கு பஸ் ஏறுவேன். கொடுக்கப் போகிறவன் என்றால் நாள் தவறாமல் கையைப் பிடிக்கிறார்கள். கொடுத்து முடித்தவனை எத்தனை நாளைக்குப் பிடிப்பார்கள்? அம்மா கொடுத்தாலோ அந்த மரியாதையெல்லாம் அம்மாவுக்குப் போய்விடும். அதனால் நான் கொடுப்பவனாக இருந்தேன். கொடுக்கவில்லை.

ஆடி மாதம் முக்கொம்பு அணையில் தண்ணீர் நிறைந்து போகிறது, பார்க்க வேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டுக் கேட்டாள். மூன்று பேரும் போனோம். ஆஷ்லி அப்போது மிகவும் கறுத்து மெலிந்திருந்தான். மதகுப் பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு நாளைக்கு இத்தனை டம்ளர்தான் குடிக்கலாம் என்று அவனுக்குக் கணக்கு உண்டு. அன்றைய கணக்கு காலையிலேயே தீர்ந்துவிட்டது. அம்மா பொரி வாங்கப் போன நேரம் பார்த்து என் பக்கம் திரும்பினான்.

"அண்ணே, கேம் போதும்ண்ணே. அதோட முடிவு என்னவா இருந்தா எனக்கென்ன. நாளைக்கே டாக்டர்கிட்டப் போயிடலாம். எனக்கு உன் கிட்னிய குடுத்துருண்ணே. முடியலண்ணே."

எனக்கு அன்று வெயிலில் தாகமாக இருந்தது. பாட்டிலைத் திறந்து குடித்தேன். அவன் என் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூடியைத் திருகி முடித்துவிட்டு, "இவ்வளவு தூரம் வந்துட்டு விடலாமாடா? இரண்டாவது முடியப் போகுது. மூணாவதையும் முடிச்சுட்டு நிம்மதியா வந்து படு" என்றேன். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையை ஆட்டினான். அம்மா பொரியோடு வந்தபோது வழக்கம்போலச் சிரித்தான்.

இந்தத் தடவை நான் ஃபைலை அழிக்கவில்லை. செப்டம்பரில் மூன்றாம் பாகத்தைத் தொடங்கினான். அந்த வாரமே கையில் ஊசி குத்துகிற ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. கழுத்தில் குழாய் இறக்கினார்கள். அதன் வழியாகக் கிருமி ரத்தத்தில் கலந்தது. காய்ச்சல், நடுக்கம், பிறகு ஐசியு. கப்பல் டாக்டர் அவனுக்காக நிற்கிற இடம்வரை அவன் வந்திருந்தான். முடிவைப் பார்க்கவில்லை.

அடக்கம் முடிந்த அடுத்த வாரம் நான் கடையைத் திறந்தேன். அவனுடைய ஃபைல்கள், நான் அழித்தவைகூட, என் கடைக் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருந்தன. எதையும் பிரதி எடுக்காமல் நான் அழிப்பதில்லை, தொழில் பழக்கம். அவன் விட்ட இடத்திலிருந்து ஆடிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் பிரவீன்ராஜ், ஆஷ்லியின் லேப்டாப்பை ஞாபகமாக வைத்துக்கொள்ளக் கேட்கலாம் என்று வந்தான். திரையில் கேப்டன் ஆஷ்லி என்று இருந்தது. பக்கத்தில் காணாமல் போன பழைய ஃபைல்களின் பட்டியலும் தேதியோடு இருந்தது. அவன் நின்றுகொண்டே எல்லாவற்றையும் படித்தான். லேப்டாப்பைக் கேட்காமலே இறங்கிப் போய்விட்டான். அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. அவளால் தாங்க முடியாது என்று நினைக்கிறான் போல. நான் எங்கே பதில் எழுதினாலும் கீழே வந்து எழுதுகிறான்.

உங்கள் கேள்விக்கு நேர்மையான பதில் வேண்டுமென்றால், மூன்றாம் பாகத்திலிருந்தே தொடங்கலாம். நான் அப்படித்தான் தொடங்கினேன். முதல் இரண்டையும் நான் ஆடியதே இல்லை, இணையத்தில் படித்துத் தெரிந்துகொண்டதுதான். ஒன்றும் குறைந்துபோகவில்லை, நன்றாகவே புரிந்தது. பிரவீன்ராஜ் கேட்கச் சொன்னதற்கும் பதில் இதோ. டாக்டரம்மாவிடம் நான் முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அம்மா கொடுத்திருப்பாள், ஆஷ்லி இன்று உயிரோடு இருப்பான். என் கிட்னியைக் கொடுக்காமல், அம்மாவையும் கொடுக்க விடாமல், அவன் சாகிறவரை அவனை விளையாட வைத்தது நான்தான்.

கல்லறைத் திருநாளன்று அம்மா அவன் கல்லறையில் சாமந்தி தூவிவிட்டு என் தோளில் சாய்ந்துகொண்டாள். "நீ குடுக்கத்தான் நின்னே சாமி, வாங்கிக்க அவனுக்குக் குடுத்து வைக்கல" என்றாள். சுற்றி நின்றவர்களும் ஆமாம் என்றார்கள். யோசித்துப் பார்த்தால் எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. அவன் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து கேட்டிருந்தால் நான் கொடுத்திருப்பேன்.